எனக்கும் கிருமி வேணும் டீச்சர்

பாலர் வகுப்பு டீச்சருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று ஒன்று இருக்கிறது என்பதை ஐந்து வயசுக்காரர்கள் ஒரு கும்பல் நம்ப வேண்டும். நம்பி, கொஞ்சமாவது பயந்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதிலென்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கிறது என்று நினைத்துத்தான் கடையில் ஒரு பொட்டலம் ஜிகினாத் தூள் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்துவிட்டு, நடுவில் பட்டாணியைக் கூப்பிட்டு நிறுத்தினாள். ஒரு தடவை பச்சைப் பட்டாணி ஒன்றை மூக்குக்குள் தள்ளிவிட்டு டாக்டர் வரைக்கும் போய் வந்த பையன் அவன். அன்றிலிருந்து அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. இப்போதும் அவன் ஆள்காட்டி விரலுக்கு வீடு வாசல் எல்லாம் மூக்குதான். அந்த விரலை வெளியே எடுக்கச் சொல்லி, அவன் உள்ளங்கையில் ஜிகினாவை நன்றாகத் தடவினாள்.

“இதைக் கிருமின்னு வச்சுக்கோங்க. இப்போ பட்டாணி ஒருத்தருக்குக் கை குடுப்பான். அவங்க பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுப்பாங்க. கடைசியில யார் யார் கையில ஒட்டியிருக்குன்னு பார்க்கலாம், சரியா?”

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பாடம் ஏறுகிறது என்று டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வட்டம் பாதி முடிவதற்குள் அந்தக் குளிர்ச்சியும் போயிற்று.

“டீச்சர், எனக்குக் கொஞ்சூண்டுதான் வந்திருக்கு. அவளுக்கு மட்டும் எவ்வளவு கிருமி பாருங்க!”

“எனக்கு வரவே இல்ல டீச்சர்!” என்று ஒன்று உதட்டைப் பிதுக்கியது.

“எனக்கும் கிருமி வேணும் டீச்சர்!”

“எனக்கு நீலக் கலர் கிருமி!”

பட்டாணிதான் அன்றைய ராஜா. கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இது என் கிருமி, யாருக்கும் தரமாட்டேன் என்று மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அவனைப் பிடிக்க ஒரு படையே உள்ளே நுழைந்தது. அழுகிறவர்கள் ஒரு பக்கம், அடித்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். இத்தனை அமளியிலும் அசையாமல் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு பெண்தான். எதையும் கேள்வி கேட்காமல் விழுங்காத அந்தப் பிள்ளைக்கு வக்கீல் என்று பெயர் வைத்ததே டீச்சர்தான்.

“டீச்சர், கிருமி கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க. இது தெரியுதே?”

“இது நிஜக் கிருமி இல்லம்மா. சும்மா அது மாதிரி.”

“அப்போ பொய்க் கிருமியா?”

“ஆமா.”

“பொய்க் கிருமியை எதுக்கு டீச்சர் கழுவணும்?”

டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். கையெல்லாம் ஜிகினா இருந்ததால் அதற்கும் வழியில்லை. ஒரு பிள்ளைகூடக் கை கழுவவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று எல்லாம் கையை மூடிக்கொண்டே போயின. வகுப்பைப் பெருக்கிப் பெருக்கி ஆயாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. பள்ளிக்கூடத்துக்கே தலைமையான பெரிய டீச்சர் மறுநாள் பெற்றோர் கூட்டத்தில், ஜிகினா ஒட்டிய ஒரு புருவம் மட்டும் மின்ன நின்று பேசினார். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டது யார்? பாலர் வகுப்பு டீச்சர்தான்.

இந்தக் கூத்தெல்லாம் வாயாடிக்காக.

போன வருஷம் இதே டீச்சரிடம், இதே பிள்ளைகளோடு இருந்தவள் அந்த வாயாடி. காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது திறந்த வாயை வீட்டுக்குப் போகிற மணி வரைக்கும் மூடமாட்டாள். அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஒரு நாளாவது இது பேசாமல் இருக்காதா என்று டீச்சர் ஏங்கியது கொஞ்ச நஞ்சமல்ல. பாதி வருஷத்தில் அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் சோர்ந்து சோர்ந்து விழ ஆரம்பித்தாள். ரத்தத்தில் நோய் என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதன்பிறகு வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியோடு ஒரு வாரம்கூட டீச்சரால் காலம் தள்ள முடியவில்லை.

இப்போது வாயாடியின் அம்மா போன் செய்திருந்தாள். நோய் போய்விட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், டாக்டரும் அனுப்பலாம் என்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை.

“உடம்புல எதிர்ப்பு சக்தி இன்னும் முழுசா வரலையாம் டீச்சர். மத்த பிள்ளைங்களுக்குச் சாதாரண சளியா போறது, இவளைத் திரும்ப வார்டுல கொண்டு போய்ப் படுக்க வச்சிடுமாம். அப்படி ஆச்சுன்னா இந்த வருஷமும் போச்சு. வகுப்புல எல்லாரும் கை கழுவறாங்க, உடம்பு சரியில்லாத பிள்ளைங்க வர்றதில்லன்னு நீங்க உறுதியா சொன்னாத்தான் அனுப்புவேன்.”

“அனுப்புங்கம்மா. நான் பார்த்துக்கறேன்” என்றாள் டீச்சர். போனை வைத்த பிறகுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது உறைத்தது. யாரை நம்பி இப்படிச் சொன்னாள்? பட்டாணியின் விரலை நம்பியா?

ஜிகினா போனால் போகட்டும் என்று அடுத்ததாகப் படம் வரைந்தாள். கொம்பு, கோரைப்பல், நீட்டிய நாக்கு என்று ஒரு கிருமியைப் பெரிய அட்டையில் வரைந்து, கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். இந்த முறை பயம் வந்தது. பயந்ததில் யாருமே கழிவறைப் பக்கம் போகவில்லை. பிறகென்ன, மதியத்துக்குள் மாற்று உடுப்பெல்லாம் தீர்ந்து, ஆயா டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். டீச்சர் அட்டையைக் கிழித்துக் குப்பைக் கூடையில் திணித்தாள்.

“சோப்புதான் கிருமியைக் கழுவும்” என்று சொல்லிப் பார்த்தாள்.

“எல்லாரும் சோப்பைத் தொடறாங்களே, அப்போ சோப்புல கிருமி இருக்காதா டீச்சர்?” என்றது வக்கீல். உடனே ஒரு குழு சோப்பைக் கழுவக் கிளம்பியது. சோப்பு முழுக்கக் கரைந்து சாக்கடையோடு போனது. கைகள் அப்படியேதான் இருந்தன.

கடைசியில் அவள் மண்டை வெடிக்கிற கோபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜிகினாவும் இல்லை, படமும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

“வாயாடி வரப் போறா. அவ உடம்பு இப்போ ரொம்ப சின்னதா, பலமில்லாம இருக்கு. உங்களுக்குத் தும்மல் வந்தா நீங்க ரெண்டு நாள்ல விளையாடப் போயிடுவீங்க. அதே தும்மல் அவளுக்கு வந்தா அவ திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா. அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.”

பட்டாணி தன் விரலை மூக்கிலிருந்து எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாங்க கை கழுவினா அவ இங்கேயே இருப்பாளா டீச்சர்?” என்று வக்கீல் கேட்டது.

“இருப்பா.”

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று எழுந்து குழாயடிக்குப் போனது அந்தப் பிள்ளை. மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஜிகினா வாங்கிய தன் புத்தியை டீச்சர் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டாள்.

அதோடு தொல்லை விட்டதா என்றால், அதுதான் இல்லை. இதுவரைக்கும் கழுவாமல் உயிரை வாங்கியவர்கள் இப்போது கழுவிக் கழுவி உயிரை வாங்கினார்கள். பென்சிலைத் தொட்டால் கழுவினார்கள். கழுவிய கையால் குழாயை மூடினோமே என்று திரும்பவும் கழுவினார்கள். கழுவிய பிறகு எதன்மேலும் படாமல், இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டச் சொட்ட வரிசையாக வகுப்புக்குள் வந்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற டாக்டர்கள் தோற்றார்கள் போங்கள். டீச்சர் அதைத் திருத்தப் போகவில்லை. கழுவுகிறார்களே, அதுவே பெரிய பாடு.

வீடுகளிலிருந்தும் புகார் வந்தது. ஓர் அப்பா, தான் போனைத் தொட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததற்கு மகள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள் என்றார். “நல்லதுதானே சார்” என்று சொல்லி டீச்சர் கதவைச் சாத்தினாள்.

பிள்ளைகள் வழிக்கு வந்துவிட்டார்கள். வராதவர்கள் அவர்களைப் பெற்றவர்கள்தான். காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நழுவுகிற வித்தையில் ஒவ்வொருவரும் கைதேர்ந்தவர். ஒரு நாள் காலை பட்டாணியின் அம்மா அவனை வாசலில் விட்டுவிட்டு வேகமாகத் திரும்பினாள். டீச்சர் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. ஆனால் கண் இரண்டும் சொருகிக்கொண்டு, மூக்கு குழாயாக ஒழுகிக்கொண்டிருந்தது.

“காலையில என்னடா சாப்பிட்ட?”

“பிஸ்கட். அப்புறம் பிங்க் மருந்து. அதை டீச்சர்கிட்ட சொல்லக் கூடாது.”

டீச்சர் வாசலைத் தாண்டித் தெருவிலேயே அந்த அம்மாவைப் பிடித்துவிட்டாள்.

“காய்ச்சல் மருந்தைக் குடுத்து அமுக்கிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, இது நியாயமாங்க? மருந்து வேகம் இறங்கினா மத்தியானம் அவன் சுருண்டு விழுவான். அதுக்குள்ள வகுப்பு பூரா பரவிடும்.”

“தூசுதான் டீச்சர். வீட்டை ஒட்டடை அடிச்சோம்.”

“தூசுக்கு யாராவது காய்ச்சல் மருந்து குடுப்பாங்களா?”

அந்த அம்மா ஒரு தையல் கூடத்தில் மெஷின் ஓட்டுகிறவள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருந்தது. “டீச்சர், இந்த மாசம் ஏற்கெனவே லீவு போட்டுட்டேன். இன்னைக்கும் போகலைன்னா என் மெஷின்ல வேற ஆளை உட்கார வச்சிடுவாங்க. எனக்கு வேற வழி என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.”

“அது எனக்குத் தெரியாதும்மா. நீங்க ஒரு நாள் போகலைன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க.”

அந்த அம்மா பட்டாணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டீச்சருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது; ஆனால் இரக்கப்பட்டால் வாயாடி வர முடியாது. அதற்கப்புறம் ஒருவரும் மருந்து கொடுத்து அனுப்பத் துணியவில்லை. டீச்சருக்கு இன்னது பேசுவதென்று வரைமுறை கிடையாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். பட்டாணி குணமாகித் திரும்பி வந்தான். வகுப்பில் ஒரு மூக்குகூட ஒழுகவில்லை. வாயாடி வருகிற நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்காரர் தும்மிக்கொண்டே வந்து சேர்ந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊர் உலகத்தில் யார் யாரோ அழுத்திய பட்டனையெல்லாம் தொட்டுவிட்டு வருகிறவர். சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தார்.

“என்னங்க இது, அக்கிரமமா இருக்கு! போங்க அந்தப் பக்கம்! எத்தனை நாளா இப்படி?”

“நேத்துல இருந்து லேசா இருந்துச்சு. சொன்னா நீ கத்துவேன்னு சொல்லல.”

“சொல்லாம இருந்தா கத்தமாட்டேனா? நாளைக்கு என்ன நாளுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

பாயையும் தலையணையையும் கூடத்தில் வீசி, கதவை அடைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் கிருமிப் பாடம் எடுத்தவளுக்குத் தன் வீட்டு மனுஷரை நேற்றே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. முந்தின நாள் முழுக்க ஒரே டம்ளரில் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தது நினைவுக்கு வந்தபோது அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

விடிந்தபோது தொண்டையில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. உடம்பு முழுக்க வலி. ஆவி பிடித்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். தெர்மாமீட்டரை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அது உண்மையைச் சொல்லித் தொலைக்கும். எத்தனை பாடுபட்டு வர வைத்திருக்கிறாள்! அந்தப் பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக வேறு யாருக்கு உரிமை இருக்கிறது? இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும் இந்தச் சளி? ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிளம்பினாள். வழியில் அளவு நாடா தொங்கிய அந்தக் கழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. அதை நினைக்காமல் இருப்பதற்காக நடையை எட்டிப் போட்டாள்.

பிள்ளைகள் ஏற்கெனவே வெளியே குழாயடியில் வரிசையாக நின்று கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆயா பக்கத்தில் துண்டோடு நின்றாள். டீச்சர் தள்ளி, மரத்தடியிலேயே நின்று, “நல்லா தேய்ங்க” என்று சொல்ல வாயைத் திறந்தாள். தும்மல் வந்துவிட்டது. சட்டென்று திரும்பி முழங்கையை மடக்கி அதற்குள் தும்மினாள். அடுத்து இன்னொன்று.

“டீச்சர் கரெக்டா தும்மினாங்க!” என்று பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வக்கீல் மட்டும் தட்டவில்லை. “உங்களுக்குச் சளியா டீச்சர்?”

“இல்லம்மா. சாக்பீஸ் தூசு.”

“நீங்க இன்னும் சாக்பீஸையே தொடலையே டீச்சர்.”

பட்டாணி சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தான். “எங்கம்மாவும் தூசுன்னுதான் சொன்னாங்க” என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்ததைச் சொன்னான், அவ்வளவுதான்.

டீச்சருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். “வாயை மூடிட்டுக் கழுவுங்க எல்லாரும்!” என்று கத்தினாள். கத்தியதில் தொண்டை கிழிந்து இருமல் வந்தது. ஆயா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தாள்.

பெரிய டீச்சர் சத்தம் கேட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், “மாஸ்க் போட்டுக்கிட்டுச் சமாளிங்களேன். உங்களுக்குப் பதிலா ஆள் எங்கே இருக்கு? ஒரு நாள்தானே” என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ள டீச்சருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். மாஸ்க், ஒரு நாள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் போயிற்று. பிறகு வார்டில் படுத்திருக்கிற ஒரு சின்ன உடம்பு நினைவுக்கு வந்தது.

“முடியாதுங்க. மாத்திரை போட்டு அமுக்கிட்டு வந்திருக்கேன். பட்டாணி அம்மாவைத் தெருவுல நிக்க வச்சுக் கேட்டேன், இப்போ நானே அதைச் செஞ்சிருக்கேன். நான் வகுப்புக்குள்ள கால் வைக்கல, ஒரு பிள்ளையையும் தொடல. நான் போறேன். நீங்களும் ஆயாவும் பார்த்துக்கோங்க” என்றாள். சொல்லிவிட்டுப் பெரிய டீச்சர் பதில் சொல்வதற்குள் விடுவிடுவென்று நடந்தாள். நின்றால் மனசு மாறிவிடும்.

வாசலைத் தாண்ட மட்டும் கால் வரவில்லை. மைதானத்தின் கோடியில், சறுக்குமரத்துக்குப் பின்னால், வேலியோடு வேலியாக ஒதுங்கி நின்றாள். தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

வண்டி வந்தது. முதலில் அம்மா இறங்கினாள். பின்னால் தொப்பி, மாஸ்க், அவற்றுக்கு நடுவே இரண்டு கண். வாயாடி பாதியாகியிருந்தாள். போன வருஷத்துப் பை அவள் முதுகில் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அம்மா சுற்றுமுற்றும் பார்த்து, கோடியில் நின்ற டீச்சரைக் கண்டதும் முகம் மலர அவள் பக்கம் திரும்பினாள்.

“வராதீங்க!” என்று டீச்சர் இரண்டு கையையும் நீட்டினாள். “எனக்குச் சளி! கிட்ட வராதீங்க! பிள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. நான் உள்ளேயே போகல!”

அம்மா நின்றுவிட்டாள். பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள், வகுப்பைப் பார்த்தாள், மறுபடி வண்டியைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று டீச்சருக்கு உயிரே போய்விட்டது. தானே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

“எல்லாரும் லேசான சளிதானேன்னு சொல்லிட்டு வந்து இவளைத் தூக்கிக் கொஞ்சுவாங்க டீச்சர்” என்று அம்மா அங்கிருந்தே உரக்கச் சொன்னாள். “நான் சண்டை போட்டுப் போட்டு ஓய்ஞ்சுட்டேன். தானா தள்ளி நின்னது நீங்க ஒருத்தர்தான்.” பிறகு குனிந்து மகளின் தொப்பியைச் சரி செய்தாள். அவளைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கை கழுவ வைத்து, வகுப்பு வாசலில் கொண்டுபோய் விட்டாள்.

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்ததால் உள்ளே நடப்பது கோடியிலிருந்தே தெரிந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் கழுவி முடித்து, கை இரண்டையும் தோளுக்கு மேலே தூக்கியபடி. வாயாடி நடுவில் வந்து நின்று கையை நீட்டினாள். ஒருவரும் தொடவில்லை. பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு பேர் ஓரடி பின்வாங்கினார்கள். கழுவிய கை எதன்மேலும் படக் கூடாது, அவ்வளவுதானே பாடம்? வாயாடி இந்தப் பக்கம் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் நீட்டினாள். பிறகு கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

“ஐயையோ, தொடலாம்! அவளைத் தொடலாம்டா!” என்று டீச்சர் அலறினாள். அலறியதாக நினைத்தாள். ஏற்கெனவே கத்திக் கிழிந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. “கையைப் பிடிங்கடா! அதுக்குத்தானேடா கழுவினது!” கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். பாவிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, இன்னும் மேலே தூக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்கள். ஆயாவும் பெரிய டீச்சரும் எங்கே போய்த் தொலைந்தார்கள்? போய் ஓங்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றால் இந்தப் பாழாய்ப்போன சளி! டீச்சர் சறுக்குமரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மாஸ்க்குக்குள்ளிருந்தும் தெருமுனை வரைக்கும் கேட்கிற அதே குரல்.

“ஏன்டா எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க? போலீஸ் பிடிச்சுட்டாங்களா? நானும் கழுவிட்டேன்டா, மோந்து பாருங்க!”

பட்டாணி மோந்து பார்த்தான். சோப்பு வாசனை திருப்தியாக இருந்திருக்க வேண்டும். தன் கையை இறக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்தான். அவ்வளவுதான், வரிசை கலைந்துவிட்டது. ஆளாளுக்கு அவள் கையைப் பிடிக்க முட்டி மோதினார்கள். எனக்கு எனக்கு என்ற சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது. வக்கீல், “ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா!” என்று அதட்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் அப்படியே சறுக்குமரத்தின் படியில் உட்கார்ந்துகொண்டாள். மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகின. கையில் கைக்குட்டைகூட இல்லை.

சற்று நேரத்தில் வாயாடி கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து, நாற்காலி மேல் ஏறி நின்றாள். டீச்சரைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

“டீச்சர்! எழுந்து வராதீங்க. அங்கேயே இருங்க. நான் கத்திப் பேசறேன்.”

டீச்சர் தலையை ஆட்டினாள்.

“ரெண்டு மூணு நாள்தான் டீச்சர். போரடிக்கும். தூங்கினீங்கன்னா சீக்கிரம் போயிடும். அழாதீங்க, அழுதா மூக்கு இன்னும் ஒழுகும், அப்புறம் உள்ள விடமாட்டாங்க.”

“அழல” என்று டீச்சர் சைகை செய்தாள். முகம் பூராவும் நனைந்திருந்தது.

“பொய் சொல்றீங்க. எங்கம்மாவும் இப்படித்தான், ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு வெளியில நின்னு அழுதுட்டே எனக்குக் கை காட்டுவாங்க. அப்படிக் காட்டக் கூடாது டீச்சர். சிரிச்சுட்டேதான் காட்டணும். இல்லைன்னா உள்ள இருக்கறவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்.”

வாசலில் நின்ற அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். டீச்சர் எழுந்து நின்றாள். முழங்கையால் முகத்தைத் துடைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னால் முடிந்த அளவுக்குச் சிரித்து, அந்தப் பிள்ளைக்குக் கை காட்டினாள்.